வீட்டுக்கு ஓர் அரைஞாண் கயிறு

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் ரயில் பட்டறைத் துரை. மற்றவர் அவருடைய சொந்தத் தங்கை. துரையிடமிருந்தாவது ஞாயிற்றுக்கிழமை தப்பித்துக்கொள்ளலாம்.

சுமத்ராவில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அங்கே நிலம் நடுங்கி ஊரே குலைந்த பிறகு, ஒரு துணிமூட்டையோடு மலாய் நாட்டுக் கிள்ளானில் எங்களிடம் தனியாக வந்து சேர்ந்தார். அப்போது அப்பா கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருக்க, எங்களுக்கு மட்டும் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணேறு படக்கூடாதென்று சாரத்தில் ஒரு வைக்கோல் பொம்மையை வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அத்தை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவர் மூலையில் கைவைத்து நின்றார்.

“வேலைய நிறுத்துங்கண்ணே. நாலு சுவரும் தனித்தனியா நிக்குது. ஜன்னலுக்கு மேல சுத்திவர மரச்சட்டம் கொடுத்து மூலைக்கு மூலை இறுக்குங்க. பிள்ளைக்கு அரணாக்கயிறு கட்டுறோம்ல, அது மாதிரி.”

“அதான் பொம்மை கட்டியிருக்கேனே” என்றார் அப்பா.

“கண்ணேறுக்குப் பொம்மை சரி. பூமிக்குக் கண்ணா இருக்கு?”

கொத்தனார் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னலைத் தாண்டி எழும்பிவிட்ட சுவரைப் பிரிப்பதா, அதுவும் தங்கை பேச்சைக் கேட்டா? முடியாது என்றுவிட்டார். ஓடு ஏறிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. அந்தக் கவலையில் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் களிமண்ணைப் பிசைந்து, சுண்டுவிரல் கனத்தில் கற்களாக அறுத்து வெயிலில் போட்டார். காய்ந்ததும் சுளகில் இரண்டு குட்டி வீடுகள் எழும்பின. ஒன்றுக்கு மட்டும் ஈர்க்குச்சியால் அரைஞாண் கயிறு. அப்பா, கொத்தனார், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எல்லோரையும் உட்காரவைத்து, அரிசி கொழிப்பவர்போலச் சுளகை அசைத்தார். கயிறில்லாத வீடு மூலைமூலையாகப் பிளந்து பொலபொலவென்று விழுந்தது. மற்றது கீறலோடு நின்றது.

“இன்னொரு வாட்டி ஆட்டு” என்றார் அப்பா. அத்தை மறுபடி கட்டி மறுபடி ஆட்டினார். அதேதான் நடந்தது. அப்பா தங்கையின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து, “மேல் வரிசையப் பிரிங்க” என்று கொத்தனாரிடம் சொன்னார்.

பேச்சு பரவியது. கேரி தீவுத் தோட்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்து சுளகின் முன்னால் குந்தினார்கள். பலகை வீட்டுக்காரர்களுக்குக் குறுக்குச் சட்டம் அடிக்கும் விதத்தையும் அத்தை சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட வாத்தியாருக்குக்கூட அப்படிப் பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்ததில்லை.

எனக்கிருந்த குறை ஒன்றுதான். விழுகிற வீட்டை அத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் கட்டுவார்: பக்கவாட்டில் வாசல், அடுப்படியை ஒட்டி ஒரு சின்ன அறை.

“வேற மாதிரி கட்டுங்க அத்தை. இது நல்லாவே இல்ல.”

“இது இப்படித்தான் கண்ணு இருந்துச்சு.”

வீம்பு பிடித்த அத்தை என்று நினைத்துக்கொண்டேன். அது அவர் வாழ்ந்த வீடு என்பதும், நிலம் நடுங்கியபோது அந்தச் சின்ன அறையில் என் வயதில் அவருடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதும், நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த வீட்டைத்தான், யார் வந்து கேட்டாலும், அத்தை முகம் கோணாமல் மறுபடி கட்டி, மறுபடி இடித்துக் காட்டினார்.