பிணம் சிரிக்க வேண்டும்

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஜென்மம் நான். எட்டாவதோடு படிப்பை விட்டு மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போன காலத்திலிருந்தே, வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வீட்டுக்கு ஓடிய கதைகள் நிறைய உண்டு. பிறக்கும்போதே பயத்தோடு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா டிவியில் செத்துப்போனாரே, அப்போது பிடித்த பயம் இது.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். மூலக்குளத்தில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு துப்பறியும் தொடர் வரும். துப்பறிகிறவர் தொப்பையும் மஞ்சள் குடையுமாக இருப்பார். கொலை நடந்த வீடானாலும் முதலில் சாப்பிட என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். வடையைக் கடித்துக்கொண்டே திருடனைக் கண்டுபிடித்துவிடுவார். தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் மட்டும், இந்த வாரம் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டால் அந்த மனுஷனை வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மில்லை மூடியபிறகு லோடு ஆட்டோ ஓட்டினார். அவருக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. அதற்கு வெட்கப்பட்டு வெளியாள் முன்னால் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டார். போட்டோ என்றால் உதட்டைப் பூட்டிக்கொள்வார். கோரிமேட்டில் பெண் பார்த்து நிச்சயம் செய்தபோதும் அப்படியே கல்லாக உட்கார்ந்திருந்தார். "மாப்ள சிரிக்கவே மாட்டாரா?" என்று பெண் வீட்டுப் பெரியம்மா அம்மாவின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. நிச்சயத்துக்கு அவர்கள் சந்தனக் கலரில் ஒரு பட்டுச் சட்டை கொடுத்தார்கள்.

அந்தச் சட்டையில்தான் வந்தது வினை.

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மஞ்சள் பங்களாவில் அந்தத் தொடரை எடுக்கிறார்கள், நாற்காலி இறக்க வண்டி வேண்டும் என்று மாமாவைக் கூப்பிட்டார்கள். நான் அழுது அடம்பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டேன். மஞ்சள் குடைக்காரர் நேரில் சிரிக்கவே இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அங்கேயே ஒரு கவலை எனக்குத் தொற்றிக்கொண்டது.

பிணமாகப் படுக்க அவர்கள் கூட்டிவந்திருந்த ஆளுக்கு ஊதுவத்திப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. படுத்தால் தும்மினார். மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நாற்காலியோடு நின்ற மாமாவைப் பிடித்தார்.

"தம்பி, மூச்ச அடக்கிப் படுப்பியா? பணக்கார வீட்டுப் பொணம். நல்ல சட்ட எதுனா இருக்கா?"

இருந்தது. கை நீளம் என்று தையல்காரரிடம் கொடுத்து, அன்று காலையில்தான் வாங்கி வண்டியில் வைத்திருந்தார்.

முற்றத்தில் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய், கழுத்தில் மாலை. மஞ்சள் குடைக்காரர் குனிந்து மாலையை மோந்து, "இது நேத்து கட்டுன மாலை. இவரு செத்தது இன்னிக்கி. யாரு முன்கூட்டியே வாங்குனது?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாமாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பக்கத்தில் லைட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாத பாப்பா. பொணமா படுத்தவன் எழுந்திரிச்சி காமிராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சிட்டுத்தான் போவான். அதயும் புடிச்சி வச்சிக்குவாங்க. சிரிச்சிட்டா தோஷம் கழிஞ்சிடும்."

"சிரிக்கலன்னா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. லைட்டைத் தூக்கு, வயரைச் சுருட்டு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "நாற்காலி நனையுதுப்பா!" என்று யாரோ கத்த, பிணம் எழுந்து, கழுத்து மாலையோடு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. லைட்டுப் பெரியவர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "எங்கய்யா அந்தப் பொணம்? சிரிக்கணும்ல!" என்று தேடினார். காமிராவுக்கு அதற்குள் உறை போட்டுவிட்டார்கள்.

"மாமா, நீ சிரிக்கல."

"வா, போற வழியில சிரிச்சிக்கலாம்" என்று மாமா வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து, தான் நடித்ததை மட்டும் சொன்னார். என்ன வேஷம் என்று அம்மா கேட்டதற்கு, "துப்பறியிற கதக்கா. முன்கூட்டியே சொல்லக் கூடாது" என்றுவிட்டு, என்னையும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். கோரிமேட்டுக்கும் போன் போட்டு, குடும்பத்தோடு பாருங்கள் என்றாள்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா இருமினால் திடுக்கிட்டேன். வில்லியனூருக்கு லோடு என்றாலும் அவர் கோரிமேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அங்கே டீ நன்றாக இருக்குமாம். அந்த வழியில் பஸ்கள் பறக்கும். வண்டிச் சத்தம் வாசலில் கேட்கிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் காமிராவோடு ஒருவர் வந்தபோது மாமாவை இழுத்துப்போய் முன்னால் நிறுத்தி, "சிரி மாமா, சிரி மாமா" என்று கெஞ்சினேன். உதட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

மாமா டிவியில் வருகிற அந்த ஞாயிறு வந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். மாலையும் பஞ்சுமாக மாமா திரையில் வந்ததும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "ஐயோ, நிச்சயச் சட்டடா!" என்ற அம்மாவின் குரல்தான் கேட்டது.

மத்தியானமே பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள். தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"நாங்க ஆசயா எடுத்துக் குடுத்த சட்டம்மா. அதப் போட்டா பொணமா படுப்பாங்க?" என்றார் பெரியம்மா. "எம்பொண்ணு வாழ வேணாமா?"

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "சினிமாக்காரங்க அதுக்கு ஒரு கழிப்பு வச்சிருக்காங்களே. எழுந்து சிரிக்கணுமாமே. சிரிச்சீங்களா மாப்ள?"

மாமா, "ம்ம்" என்றார். அந்த ம்ம் என்னைக்கூட நம்பவைக்காது.

"கூட யாரு போனா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லும்மா. பொய் சொல்லக் கூடாது. மாமா சிரிச்சாரா?"

சிரித்தார் என்றால் பொய் சொன்னதற்கு மாமாவைச் சாமி எடுத்துக்கொள்ளும். சிரிக்கவில்லை என்றால் கல்யாணம் நின்றுபோகும். பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்தேன்.

"புள்ள அழுவுறதே பதிலாச்சே" என்று பெரியம்மா எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பாவும் செருப்பைத் தேடினார். அப்போதுதான் அவருடைய செல்போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம். ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, அங்க போயி சண்ட கிண்ட போட்டுடாதீங்க" என்றது பெண்ணின் குரல். "அவரு சிரிச்சாருப்பா. விளம்பரம் போடறதுக்கு முன்னாடி, லேசா. நீங்கல்லாம் சட்டயத்தானே பாத்துக்கினு இருந்தீங்க. நான் மொகத்தப் பாத்தேன்."

"நெசமாவா?"

"அட, அந்தத் தெத்துப்பல்லுகூடத் தெரிஞ்சுதுப்பா!"

பெண்ணின் அப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மெல்ல உட்கார்ந்தார். "நான் கண்ணாடி போடாம பாத்தேன்" என்றார்.

அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "இருங்க, காபி போட்டு எடுத்தாறேன். குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று அம்மா அடுப்படிக்குப் போனாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

கல்யாணம் நடந்தது. மாமாவுக்கு இப்போது மஞ்சள் குடைக்காரரை மிஞ்சிய தொப்பை. பழைய தொடர்களையெல்லாம் யாரோ நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்று போன மாதம் என் மகன் அதைத் தேடிப் போனில் எடுத்துக் கொடுத்தான். இந்த முறை கண்ணை மூடவில்லை. விளம்பர இடைவேளை வரைக்கும் பார்த்தேன். நிறுத்திப் பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். மாமாவின் உதடு, பூட்டினது பூட்டினபடியே இருந்தது.

மறுநாளே கோரிமேட்டுக்குப் போய் அத்தையிடம் நீட்டினேன். "எங்க அத்த சிரிக்கிறாரு?"

அத்தை போனைத் தள்ளிப் பிடித்து, புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தார். "அன்னிக்கி நல்லாத் தெரிஞ்சுதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏங்க, டீ ஆறுது" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். மாமா வந்து, தன்னுடைய பிணத்தை எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். தெத்துப்பல் வெளியே நின்றது. அத்தை முன்னால் அவர் வாயை மறைப்பதில்லை.

டவுனுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நிச்சயத்திலும் வாயைத் திறக்காத மனுஷனுக்குத் தெத்துப்பல் இருப்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு விடாமல் துப்பறியும் தொடர் பார்த்தவள் நான். மாமா செத்துப்போவாரா மாட்டாரா என்கிற பயத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கோட்டைவிட்டேன். அம்மா விடவில்லை. அதனால்தான் அவள் எதுவும் கேட்காமல் காபி போட எழுந்தாள்.