தொட்டியில் ஊறிய கட்டிகள்

நில அளவை சொல்லிக்கொடுக்கும் சின்னப் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, வெள்ளைக்காரன் வளைவும் தூணும் வைத்து வளர்த்த பொறியியல் கல்லூரி எங்களுடையது. யுத்தம் முடிந்த சமயம் அதன் சோதனைக்கூடத்தில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுபவன். கப்பலில் வந்த நசுக்கும் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. கான்கிரீட் கட்டியை அதற்குள் வைத்தால், எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று முள் காட்டும். ஊரில் எங்கே பாலம் கட்டினாலும் கட்டி எங்களிடம்தான் வரும். எனக்குத் தலைக்கனம் ஏறியதில் ஆச்சரியமில்லை.

மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அடையாறில் வீடு கட்டினார். கூரைக்கு, மரச்சட்டம் போட்டுச் செங்கல் அடுக்கும் பழைய தளமே போதும் என்றார். விடுவேனா? கான்கிரீட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

தளம் போட்ட அன்று அதே கலவையில் மூன்று கட்டிகள் வார்த்து, மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். பதினான்காம் நாள் நசுக்கிப் பார்த்தேன். கணக்குக்கு மேலேயே தாங்கின. ஈஸ்டருக்கு மறுவாரம் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் சாமியார் வந்து வீடு மந்திரிக்க வேண்டும். தளத்தைக் கீழிருந்து தாங்கிய முட்டுகளை எடுத்துவிடலாம் என்று சொல்ல, காகிதமும் கையுமாக ஓடினேன்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. கிணறு வற்றிப் போனதால் முதல் மூன்று நாளுக்குப் பிறகு தளத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்றார்.

"இன்னும் பத்து நாள் போவட்டும் சார். தட்டிப் பாத்தா சத்தம் சரியா இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று கோபம். மிஷின் பொய் சொல்லாது என்று அப்பாவுக்கு முன்னால் அவரை அதட்டினேன். என் கட்டிகள் தொட்டியிலேயே ஊறியவை, தளமோ இறுகுவதற்கு வேண்டிய ஈரமில்லாமல் பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்தது. இந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அன்று அது என் மண்டையில் உறைக்கவில்லை.

மேஸ்திரி மேற்கொண்டு வாதாடவில்லை. சித்தாள்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அப்பாவையும் அனுப்பினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீங்களும் ரோட்டாண்ட போய் நில்லுங்க சார். தூசி பறக்கும், சட்டை அழுக்காயிடும்."

வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். போய் நின்றேன். அவர் ஒரு முட்டுக்கட்டையைத் தட்டி எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. நாலாவதில் தளம் அப்படியே இறங்கிவிட்டது.

அவரை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. கல்லூரியில் என் காகிதத்தைப் பார்த்தவர்கள், சோதனையில் பிழை இல்லை என்றார்கள். உண்மைதான், இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

அடக்கம் முடிந்ததும் மேஸ்திரியின் மனைவி எங்களிடம் கேட்டது ஒன்றுதான். அத்தனை பேரையும் வெளியே அனுப்பத் தெரிந்த மனுஷன், தான் மட்டும் ஏன் உள்ளே போனார்?

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னதால் போனார் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.