பாதிக் கப்பல்

எனக்குக் கண் சரியில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊசியில் நூல் கோக்க நான் ஒரு நாளாவது தடுமாறியதை அவர்களில் யாராவது பார்த்ததுண்டா? கிடையாது. ஒரு கப்பல் பாதிதான் தெரிகிறது என்று சொன்னேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நான் தையல்காரி. மானாம்பதியில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன். சுற்றுப்பட்டில் கல்யாண ப்ளவுஸ் என்றால் என்னிடம்தான் வருவார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் தையல் கோணாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

காணும் பொங்கலன்று குடும்பத்தோடு குட்டி யானை வண்டியில் மாமல்லபுரம் போனோம். வண்டி பேசியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். கட்டட மேஸ்திரி. அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அன்றைக்கு நான் பேசினேன்.

மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். ரொம்ப தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் போனது. மேலே இருக்கிற வெள்ளை அறைகளும் பாரம் தூக்கும் கம்பங்களும் தெரிந்தன. அடிப்பாகத்தைக் காணோம், கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"கீழ்ப்பாதி தெரில பாருங்க மாமா. பூமி உருண்டை, அதான் தண்ணி மறைக்குது" என்றேன்.

மேஸ்திரி நெற்றியில் கையை வைத்துக் கடலைப் பார்த்தார். நான் காட்டிய பக்கம்கூட இல்லை, கொஞ்சம் தள்ளி.

"முழு கப்பலும் நல்லா தெரிதே. இன்னாமா பாதின்ற?"

"அடியில இன்னா கலரு மாமா?"

"செகப்பு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

அதோடு விட்டாரா? பூமி தட்டை என்று அவர் போனுக்கு யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதைவிடப் பெரிய சாட்சி அவருடைய ட்யூப். சுவருக்கு மட்டம் பார்ப்பதற்கென்று நீளமான ப்ளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்.

"முப்பது வர்சமா தண்ணிய வெச்சிதான் மட்டம் பாத்துக்கினு கீறேன். தண்ணி வளையும்னா நான் கட்ன வூடெல்லாம் சாஞ்சி கெடக்கணும். ஒரு வூடு சாஞ்சிகீதா, சொல்லு."

"வூட்டு அளவுக்கு வளைவு தெரியாது மாமா. கடலு எம்மா தூரம்."

"தண்ணி தண்ணிதாம்மா. அதுக்கு சின்னது பெருசு இன்னா கீது?"

என் வீட்டுக்காரர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே கப்பலைப் பார்த்தவர் அவர். மேஸ்திரியின் மனைவிதான் என் தலையைத் தடவி, "ராப்பகலா தச்சி தச்சி கண்ண கெடுத்துக்கினியேம்மா" என்றாள். இந்தப் பேச்சுதான் ஊருக்குள் பரவியது.

தை முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன, என் மெஷின் சும்மா கிடந்தது. அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை ப்ளவுஸ் உட்பட எல்லாத் துணியும் என்னிடம்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வந்து வாசலிலேயே நின்றாள். "தப்பா நெனச்சிக்காதம்மா. கப்பலே பாதிதான் தெரிதாமே உனுக்கு. கண்ண பாத்துக்க மொதல்ல" என்று அளவு ப்ளவுஸோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. கப்பல் பாதி தெரிவதற்கும் ப்ளவுஸுக்குக் கைக்குழி வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

உத்திரமேரூரில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். என் கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு காகிதம் வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். "நீங்களே கூட வந்து கேளுங்க மாமா" என்று மேஸ்திரியையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். டாக்டரம்மா "ஒரு குறையும் இல்ல" என்று எழுதிக் கொடுத்தார். வந்ததற்கு அவரும் காட்டிக்கொள்ளட்டும் என்று மேஸ்திரியை உட்கார வைத்தார்கள். முதல் எழுத்துக்கு அப்புறம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வர்சமா மங்கலாத்தான் கீது. ட்யூப் மட்டத்தகூட கையாளுங்கதான் பாத்து சொல்றானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் அன்றைக்கு எந்தக் கப்பலை முழுசாகப் பார்த்தார்? சிவப்பு பெயிண்டை எங்கே பார்த்தார்? திரும்பி வருகிற பஸ்ஸிலேயே கேட்டேன்.

"எல்லாரும் பாத்திங்க, நானும் பாத்தேன்" என்றார்.

வீட்டில் எல்லோரும் என் மேல்தான் பாய்ந்தார்கள். கண் தெரியாத மனுஷனிடம் போய்க் கப்பலைப் பற்றிக் கேட்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று. என்னிடம் ஒருத்தர் வந்து, நீ சொன்னது சரிதான் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா கொடுத்த காகிதத்தை மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்தேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா, வேறு எங்கேயோ தைத்த ப்ளவுஸ் கை பிடிக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தாள். காகிதத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

மேஸ்திரிக்கு ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் ஆனது. தேறியதும் அவரே வண்டி பேசினார், மறுபடியும் மாமல்லபுரம். வழி நெடுக ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். எனக்கும் மனசு இளகித்தான் போனது. இன்றைக்குத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

கப்பல் வந்தது. போன தடவை மாதிரியே ரொம்ப தூரத்தில். மேஸ்திரி எழுந்து நின்று பார்த்தார். இந்தத் தடவை சரியான பக்கம்தான். வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்லச் சுருங்கியது.

"ஆபரேஷன் சரியா பண்ல போலகீதுடா" என்றார் தம்பியிடம். "கப்பல்ல மேல்பாதிதான் தெரிது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உடனே மணலைப் பார்த்தார்.

"ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணிகீறாங்க மாமா" என்றேன். "எனக்கும் அதே பாதிதான் தெரிது."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஓர் இரக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"பாவம்மா நீ. உனுக்கு அப்பவே இப்டித்தான இருந்திச்சி. வா, ரெண்டு பேருமா போய் நல்ல டாக்டரா பாத்துக் காட்டிக்கலாம்."