நான் செய்யாத எழுநூற்றிருபது மணித்தியாலங்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில், தாதி உத்தியோகத்தில் பத்து வருஷம் முடித்திருந்த எனக்கு, இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தருவதாகக் கடிதம் வந்தது. நிபந்தனை ஒன்றுதான். அந்நாட்டுத் தாதியர் சபை என் படிப்பை ஏற்றுப் பதிவு செய்யவேண்டும். அதற்கு, மூன்று வருஷப் பயிற்சியில் எந்தெந்த நோயாளர் வாட்டில் எத்தனை மணித்தியாலம் நின்றேன் என்று, நான் படித்த பாடசாலை முத்திரை குத்தித் தரவேண்டும். தவணை ஆறு மாதம்.

பாடசாலைக் கந்தோரில் இருந்த கிளாக்கர் பக்கத்துத் தீவான நயினாதீவு ஆள். என்னைப் புங்குடுதீவான் என்று தெரிந்த நாளிலிருந்து தன் தம்பி போலவே நடத்தியவர். தாளைச் சபைக்கு அனுப்புமுன் எனக்குக் காட்டவேண்டுமென்று மடத்துவெளியில் இருந்த என் வீட்டுக்குத் தபாலில் போட்டிருந்தார். அழகாகத் தட்டச்சுச் செய்த பதினொரு வரி. கீழே முத்திரை, கையொப்பம்.

எனக்குக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கூட்டினேன். ஏழாயிரத்து ஐம்பத்தாறு. மூன்று வருஷம் நூற்றைம்பத்தாறு கிழமை. லீவு பன்னிரண்டு கிழமை போக நூற்று நாற்பத்து நான்கு. கிழமைக்கு நாற்பத்து நான்கு மணித்தியாலம் என்றால் ஆறாயிரத்து முன்னூற்று முப்பத்தாறுதான். எழுநூற்றிருபது கூடுதல். மூன்று தரம் கூட்டியும் அது குறையவில்லை.

ஒன்பதாம், பத்தாம் வரிகளில் இருந்தது விஷயம். பெண்கள் வாட் நானூற்று எண்பது, பிள்ளைப்பேற்று வாட் இருநூற்று நாற்பது. அந்த இரண்டு வாட்டுக்குள்ளும் ஆண் மாணவர்களை விடுவதில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. வழக்கம். பெண்கள் உள்ளே போகும் நேரத்தில் நாங்கள் ஆண்கள் வாட்டில் பண்டேஜ் சுற்றுவோம். கிளாக்கர் பெண்களின் தாளைப் பார்த்து அந்த இரண்டு வரியையும் என் கணக்கின் மேல் சேர்த்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முத்திரை விழுந்திட்டுதெல்லே. பேசாமல் அனுப்புங்கோவன்."

"நான் அந்த வாட்டுக்குள்ள கால் வைக்கேல்லையப்பா."

"குறிகட்டுவான் துறைக்கு வாற வழியில, வள்ளத்துக்குள்ள ஒரு பிள்ளை பிறந்ததே, நீங்கள்தானே பிடிச்சனீங்கள்? அது கணக்கில்லையோ?"

"அது முக்கால் மணித்தியாலம்."

"ஓம், இவரும் இவற்ற கணக்கும்!" என்றாள். வெட்டின மீனை இன்னும் பலமாக வெட்டினாள்.

பஸ்ஸும் ரயிலும் ஏறிப் பாடசாலைக்குப் போனேன். கிளாக்கர் கதிரையை இழுத்துப் போட்டார். தாளை நீட்டிப் பிழையைக் காட்டினேன்.

"பிழையில்லை ஐசே, தெரிஞ்சுதான் போட்டனான்," என்றார். "அங்க சபையில அவை ஆம்பிளை பொம்பிளை பாக்கிறேல்லை, எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். ரெண்டு வரியில சைபர் போட்டால் உம்மை எடுக்கமாட்டினம். போன வருஷம் நாலு பேருக்கு இப்பிடித்தான் அனுப்பினனான். நாலு பேரும் போய்ச் சேர்ந்திட்டாங்கள்."

"சைபரைப் போடுங்கோ அண்ணை."

"உமக்கென்ன விசரோ? எங்கட தீவாருக்கு ஒரு குறையும் வரக்கூடாதெண்டு செய்தால்…"

"குறை என்ரை இல்லை. உள்ளுக்கு விடாதவையின்ரை. அதை ஏன் நான் மறைக்கவேணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நாளைக்கு வேலை கிடைக்காட்டி, அந்தக் கிளாக்கர்தான் கெடுத்தவனெண்டு ஊரில சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன். அடியுங்கோ."

புதுத் தாளை மெஷினில் ஏற்றி அடித்தார். ஒவ்வோர் எழுத்தும் என் தலையில் குட்டுவது போலிருந்தது. இரண்டு சைபர். அதோடு நானும் ஒரு கடிதம் வைத்தேன். எங்கள் நாட்டில் ஆண்களை அந்த வாட்டுகளுக்கு அனுப்புவதில்லை. அது என் சோம்பலால் வந்ததல்ல. அந்த மணித்தியாலங்களை உங்கள் ஆஸ்பத்திரியில் நின்று செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். அதற்காக என் மற்ற ஆறாயிரத்து முன்னூற்று முப்பத்தாறையும் தள்ளிவிடச் சம்மதிக்கமாட்டேன். கெஞ்சும் சொல் ஒன்றும் அதில் இல்லை. மனைவி வாசித்துவிட்டு, "சண்டைக்கெல்லே கூப்பிடுறீங்கள்," என்றாள்.

பதின்மூன்று கிழமை பதிலில்லை. தவணையில் மிச்சம் ஐந்து கிழமை. ஆனாலும் முதல் அடித்த தாளை அனுப்பியிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. பதினான்காம் கிழமை கடிதம் வந்தது. பதினேழு கிழமை அந்த இரண்டு வாட்டிலும் மாணவனாக நிற்கவேண்டும், அதன் பிறகு பதிவு.

"பத்து வருஷம் ஊசி போட்ட மனுசன் திரும்பவும் பள்ளிக்கூடமோ?" என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இங்கிலாந்துக்குப் போனேன்.

பிள்ளைப்பேற்று வாட்டில் முதல் நாள், நோவில் துடித்த ஒரு பெண்ணின் கட்டிலருகே நின்றோம். இந்த வேலையில் எவ்வளவு பழக்கம் என்று தலைமைத் தாதி கேட்டார். இல்லை என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்து, அந்தப் பெண்ணின் வயிற்றில் எங்கே வைப்பதென்று காட்டினார். பழக்கமுண்டு என்று தாளில் இருந்திருந்தால், அந்தப் பெண்ணையும் என்னையும் தனியே விட்டுப் போயிருப்பார்.