கிரேஸி அக்கா சொன்ன க்ளைமாக்ஸ்

மாதனூரிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் எங்கள் பஸ்ஸில் கிரேஸி அக்கா சொல்வதுதான் விமர்சனம். வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் க்ளைமாக்ஸ் வரை சொல்லிவிடுவார். முழுக் கதையும் தெரிந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுப்பார்கள். நாங்கள் அப்படித்தான்.

போன வாரம் ஓவர்டைம் களைப்பில் அக்கா இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார். தியேட்டரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறட்டையைக் கேட்டவன் நான். மறுநாள் பஸ்ஸில், ஹீரோவின் அம்மா கையால் சோறு வாங்கித் தின்று வில்லன் அழுவதாக அவராகவே ஒரு முடிவை அடித்துவிட்டார்.

அதைக் கேட்டுப் பஸ்ஸே படத்துக்குப் போனது. திங்கட்கிழமை அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனி தன் பேச்சை யார் நம்புவார்கள் என்ற பயம். நான்தான் அக்காவுக்குக் கதையை மாற்றிச் சொன்னேன் என்று பழியை ஏற்கத் தயாராக இருந்தேன். பஸ்ஸில் ஏற்கெனவே புளுகன் என்று பெயரெடுத்த எனக்கு இன்னொரு பொய் பாரமில்லை.

"இன்னாக்கா, நீ சொன்ன சீன் வரவே இல்ல?" என்றார் நவநீதன் அண்ணன். "டைரக்டர் அவன் பாட்டுக்கு குண்டு வச்சு படத்த முடிச்சிட்டான், ஒரே பேஜாரு. நீ சொன்னதுதான் சூப்பர்."

"நான் தூங்கிட்டேன்பா," என்றார் அக்கா.

பஸ் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அடுத்த படத்துக்கும் தூங்குக்கா!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"இருங்கப்பா, ஹீரோ தங்கச்சி கல்யாணம் இன்னாச்சுன்னு இன்னும் சொல்லவே இல்லியே," என்று அக்கா தன் முடிவை மேலும் நீட்ட ஆரம்பித்துவிட்டார்.