தண்ணீர் தெளிக்காத கோஸ்

என் அக்கா புருஷனுக்கு இஸ்திரிதான் உலகம். வீட்டு முன்னறையிலேயே கடை. வலது கை கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தெளிக்கும், உடனே பெட்டி அழுத்தும். இருபத்தாறு வருஷப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. ஒரு தடவை என் பள்ளிக்கூடச் சான்றிதழ் சுருண்டிருக்கிறதென்று அதற்கும் தெளித்துத் தேய்த்துவிட்டார். மை கலைந்துபோய், ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

அக்கா மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். உடம்பு தேறிவிட்டது, நாக்குதான் தேறவில்லை. எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மாமாவுக்கு அதுதான் பெருங்கவலை. அவர் சமையலில் குற்றம் கண்டுபிடிக்காமல் அவள் சாப்பிட்டதே கிடையாது.

அன்று மத்தியானம் அவளாகவே வாய்திறந்தாள்.

"கொஞ்சம் முட்டைக்கோஸ் மொறுமொறுன்னு வறுத்துக் குடுங்களேன்."

மாமா தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்தார். கோஸைத் தண்டோடு விரல் கனத்துக்கு வில்லை போட்டு, எண்ணெய் தடவி, சூடேறிய இரும்புக் கல்லில் பரப்பினார். அதுவரை சரி. ஓரம் சிவக்கத் தொடங்கியதும் வலது கை தானாகப் போய், காய் கழுவின தண்ணீரைத் தொட்டுத் தெளித்துவிட்டது. மேலே வாணலியை வைத்து அழுத்தியும் விட்டார். எடுத்துப் பார்த்தால் எல்லாம் நனைந்த துணி மாதிரி துவண்டு கிடந்தது.

"மாமா, அப்படியே மடிச்சும் குடுத்துடுங்க" என்றேன்.

"வாய மூடுடா. வந்து இந்தக் கையப் பிடிச்சுக்க."

அடுத்த ஈடு முழுக்க அவர் வலது கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை துள்ளியது, விடவில்லை. இடது கையாலேயே தட்டுத்தடுமாறித் திருப்பிப் போட்டு, மிளகுத்தூளும் தூவிவிட்டார். ஓரமெல்லாம் கருகருவென்று அருமையாக முறுகி வந்தது.

அக்கா கடித்தாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக மென்றவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, உப்பே இல்ல! ஒரு கோஸ வறுக்க ரெண்டு ஆம்பளைங்க, உப்பு போட ஒருத்தருக்கும் தோணலையா?"

மாமா முகத்தைப் பார்க்கணுமே! திட்டு வாங்கி இப்படிப் பூரித்துப்போன மனுஷரை நான் கண்டதில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. உப்பு எடுக்க ஓடினார். அவர் திரும்புவதற்குள் அக்கா அடுத்த வில்லையைக் கையில் எடுத்திருந்தாள்.

"வேற என்ன குறை? சொல்லு, எல்லாத்தையும் சொல்லு" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.