கலங்காத முகம்

"குழலிக்கா, உன்கிட்ட ஒன்னு கேக்கணும்."

"கேளேன்டி."

"இப்ப வேணாம்க்கா. அது பாடிகினு கீது. அப்பால கேக்கறேன்."

மூன்று வருடங்களாக ஒவ்வொரு கச்சேரியிலும் ஷாலு இதையேதான் சொன்னாள். 'அது' என்றால் அவள் கணவன் அறிவு. கானா பாடகன். அவனுக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில் உட்கார்ந்து அவள் கோரஸ் பாடுவாள். நான் அவர்களுக்குப் போட்டோ எடுப்பவள்.

இனி சொல்லப்போவது கதையல்ல. போன மார்ச் மாதம் எனக்கு நடந்தது. படங்களின் நேரம் எல்லாம் கேமராவிலேயே பதிவானது.

திருவொற்றியூரில் ஒரு சாவு வீட்டின் பதினாறாம் நாள். பந்தலில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. பிளாஷ் அடித்தால் அறிவுக்குப் பாட்டு மறந்துவிடும். கெட்ட வார்த்தையில் திட்டுவான். அதனால் ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்துத்தான் எடுப்பேன். அதற்குள் ஒருவர் லேசாக அசைந்தாலும் முகம் புகைபோலக் கலங்கிவிடும்.

7.18. முதல் படம். அறிவு கலங்கியிருந்தான். டோலக் வாசிப்பவர் கலங்கியிருந்தார். மூலையில் ஷாலு மட்டும் அச்சடித்ததுபோல இருந்தாள். கடல் காற்றில் பந்தல் துணியே படபடத்தது. அவள் நெற்றி முடி ஒன்றுகூட அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மூலை காலி. எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன்.

7.26. மறுபடியும் ஷாலு. அறிவுக்கு ஒரு முழம் பின்னால். கண்கள் நேராக என் லென்ஸில்...

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

7.31. அவன் தோளுக்கு மேல் அவள் முகம். வாய் திறந்திருந்தது.

இடைவேளையில் அறிவிடம் காட்டினேன். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"இவ எப்டி இங்க? ஜொரம்க்கா அவளுக்கு. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு ஒரே பேஜாரு. வூட்ல வச்சி வெளிய பூட்டிகினு வந்தேன்."

"பூட்டிட்டியா?"

"பின்ன? ப்ரோக்ராம வுட்ற சொல்றியா? அத்த அயிச்சுடு."

"அறிவு..."

"அயிக்கா!"

அழித்தேன். மூன்றையும்.

அவன் மேலும் ஒரு மணி நேரம் பாடினான். நான் மேலும் ஒரு மணி நேரம் எடுத்தேன்.

9.10. ராயபுரத்தில் அவர்கள் வீடு. அவனோடு நானும் போனேன். பூட்டைத் திறந்து தள்ளினால் கதவு நகரவில்லை. உள்ளே, கதவை ஒட்டி ஷாலு கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. வந்து பார்த்த டாக்டர், ஏழு மணிக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார்.

பூட்டைப் பற்றி அறிவு யாரிடமும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

கச்சேரிக்காக சைலண்டில் போட்டிருந்த போனை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். ஷாலுவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். கடைசி அழைப்பு 6.42.

பதினாறாம் நாள் அவளுக்குப் படத்திறப்பு. என்னிடமுள்ள ஆயிரம் படங்களிலும் அவள் இடத்தில் வெறும் இருட்டு. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். யாரென்றே தெரியவில்லை. அறிவுதான் பாடினான். அழுதுகொண்டே, ரொம்ப நன்றாகப் பாடினான்.

7.18. கேமராவைத் தூக்கினேன்.

அவன் பின்னால் மூலை காலி.

அப்பாடா...

என் காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"குழலிக்கா... ஒன்னு கேக்கணும்னு சொன்னேன்ல? என்ன மட்டும் ஒரு போட்டோ எடுக்கா."

விரல் பட்டனில் உறைந்தது.

"பிளாஷ் போட்டு."